நாலாவது கேள்வி

போன மாதம் மின்னஞ்சலில் ஒரு படிவம் வந்தது. ஓய்வுபெற்று இரண்டு வருடமாகியும் என்னை இன்னும் முழுதாக விட்டபாடில்லை. படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் பாடசாலையில் கேட்கும் கேள்விகளை இப்போது தமிழில் மாற்றியிருக்கிறார்களாம். இனிமேல் தாயோ தகப்பனோ ஒரு திரையைப் பார்த்து ஆம், இல்லை, சில வேளை என்று தொட்டுவிட்டுப் போகலாம். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. அந்தத் தமிழ் சரிதானா என்று நான் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும். அனுப்பியவள் கஜனி. மொன்றியலுக்குப் பக்கத்தில் லவாலில் இருக்கிற பிள்ளை. நான் விட்டு வந்த மொழிபெயர்ப்பு வேலையை இப்போது செய்பவள். அரை மணித்தியால வேலைதான் என்று எழுதியிருந்தாள்.

முதல் மூன்று கேள்விகளையும் தேநீர் ஆறமுதல் பார்த்து முடித்துவிட்டேன். நாலாவது கேள்வியில் நின்றவன் மூன்று வாரமாக அங்கேயே நிற்கிறேன். ‘பிள்ளை பிறர் உதவியின்றித் தானே உணவு உண்பாரா?’ தமிழில் ஒரு பிழையும் இல்லை. கஜனி இரண்டு தடவை நினைவூட்டினாள். மூன்றாம் முறை தொலைபேசி எடுத்து, அதில் என்ன சிக்கல் என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் எனக்கே விளங்கலாம் என்று இதைத் தொடங்கியிருக்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை பெரிய கதையில்லை. யாழ்ப்பாணத்தில் தபாற்கந்தோரில் எழுதுவினைஞர். மொன்றியலுக்கு வந்து எட்டு வருடம் ஒரு பாற்கட்டித் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். பின்னேரங்களில் பிரெஞ்சு படித்தேன். பாடசாலைகளுக்கும் சிகிச்சை நிலையங்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களை அனுப்பும் ஒரு பணிமனையில் தமிழுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மூன்று சனிக்கிழமை பயிற்சி. நாலாவது கிழமை கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பியவர் மதாம் ஜிசேல், எங்கள் மேலாளர். மெலிந்த பெண்மணி. குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. எங்கள் அறிக்கைகளைப் பச்சைப் பேனையால் திருத்துவார். ‘தாய் கவலையாக இருந்தார்’ என்று நான் எழுதினால், ‘கவலை’யைச் சுற்றி ஒரு பச்சை வட்டம் விழும். தாய் சொன்னாரா, நீங்கள் நினைத்தீர்களா என்று பக்கத்தில் கேட்டிருப்பார். நினைத்தது என்றால் அது வெட்டுப்படும்.

அவருடைய விதிகள் இன்றும் எனக்கு மனப்பாடம். பத்து நிமிடம் முன்னதாகப் போக வேண்டும், ஆனால் பெற்றோருக்குப் பக்கத்தில் இருந்து காத்திருக்கக் கூடாது. அறையில் கதிரைகளை முக்கோணமாகப் போட வேண்டும். தாய்க்கும் ஆசிரியைக்கும் நடுவில் வராமல் மூன்றாவது மூலையில் இருக்க வேண்டும். சொன்ன எதையும் விடக்கூடாது. சொல்லாத எதையும் சேர்க்கக் கூடாது. பேசுபவர் ‘நான்’ என்றால் நாங்களும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். எங்கள் சார்பில் ஏதும் சொல்ல நேர்ந்தால், அப்போது மட்டும் ‘மொழிபெயர்ப்பாளர் சொல்ல விரும்புகிறார்’ என்று யாரோ மூன்றாம் ஆளைப்போல் எங்களைச் சொல்லிக்கொள்ள வேண்டும். கூட்டம் முடிந்தால் யாரோடும் சேர்ந்து வெளியே போகக் கூடாது, தேநீர் குடிக்கக் கூடாது.

இந்த ‘நான்’ என்னை என்ன பாடு படுத்தியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். மீசையும் தொப்பையுமாக இருந்துகொண்டு, ‘இவன் வயிற்றில் இருந்தபோது நான் ஐந்து மாதம் சத்தி எடுத்தேன்’ என்று பிரெஞ்சில் சொல்லியிருக்கிறேன். இன்னொரு தடவை ஒரு தகப்பன் என் பக்கம் சாய்ந்து, ‘அண்ணை, உங்களுக்கு மட்டும் சொல்லுறன், இந்த மனிசிக்குச் சொல்லாதேங்கோ’ என்று தொடங்கினார். எதையும் விடக்கூடாது என்பது விதி. நான் அந்த மனிசியை, பாடசாலை அதிபரைப் பார்த்து, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், இந்தப் பெண்மணிக்குச் சொல்ல வேண்டாம் என்று அப்படியே மாற்றிச் சொன்னேன். அதிபர் தண்ணீர்ப் போத்தலைக் கீழே வைத்துவிட்டார். அந்தத் தகப்பன் அதற்குப் பிறகு என்னைக் கண்டால் வீதியின் மறுபக்கம் போவார்.

இருபது வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது. இனி ஆரணியின் கதைக்கு வருகிறேன். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன்.

ஆரணிக்கு அப்போது எட்டு வயது. பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் ஒரு பாடசாலையில் மூன்றாம் வகுப்பு. எழுத்துகளைத் தனித்தனியே சொல்வாள். சேர்த்து வாசிக்கச் சொன்னால் வாயை மூடிக்கொள்வாள். வகுப்பில் இருபத்துநாலு பிள்ளைகள். ஆசிரியை நல்லவர், தன்னால் முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வாசிப்புக்குத் தனியாக உதவும் ஆசிரியைக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம். ஆனால் வேறொரு பாடசாலையில் பத்துப் பிள்ளைகள் மட்டும் உள்ள சிறு வகுப்பு ஒன்று இருந்தது. அதற்கென்று பயின்ற ஆசிரியையும் உதவியாளரும் அங்கே இருந்தார்கள். அதற்குள் போவதற்கு உளவியலாளர் சோதித்து எழுதித் தர வேண்டும். தாய் வசந்தி இதற்காக ஒன்றரை வருடமாக அந்தப் பாடசாலைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். தகப்பனுக்கு உணவகச் சமையலறையில் வேலை. கூட்டங்களுக்கு வர முடியாது.

முதல் உளவியலாளர் ஐம்பது வயதுப் பெண்மணி, பொறுமைசாலி. பிள்ளையை ஏற்கனவே சோதித்துவிட்டார். புள்ளிகள் மட்டுமட்டாக, இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை என்று நின்றன. ஆகவே வீட்டில் பிள்ளை தன் காரியங்களைத் தானே பார்க்கிறதா என்ற கேள்விகள்தான் முடிவைத் தீர்மானிக்கும் என்றார். நான் அதை வசந்திக்குச் சொன்னேன். அவர் தலையாட்டினார். எந்தப் பக்கம் போனால் என்ன கிடைக்கும் என்று உளவியலாளரும் சொல்லவில்லை, வசந்தியும் கேட்கவில்லை.

பிள்ளை தானே சாப்பிடுவாளா?

“இல்லை. நான்தான் தீத்திறனான்.”

தானே குளிப்பாளா? இல்லை, நான்தான் தண்ணி வாக்கிறது. தலை சீவுவாளா? நான்தான் இழுத்துவிடுறது. சப்பாத்து? நான்தான் போட்டுவிடுறது. தெருமுனைக் கடைக்குத் தனியே போவாளா? வசந்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எட்டு வயதுப் பொம்பிளைப் பிள்ளையைத் தனியே கடைக்கு விடுகிற தாய் ஒரு தாயா என்பது அந்தப் பார்வை. ஒவ்வொரு பதிலையும் அவர் பெருமையோடுதான் சொன்னார். ஒவ்வொரு பதிலுக்கும் உளவியலாளரின் பேனை ஒரு பூச்சியத்தைச் சுற்றி வட்டம் போட்டது. முக்கோணத்தின் என் மூலையிலிருந்து தாள் நன்றாகத் தெரிந்தது. ஒன்பது பூச்சியம் எண்ணினேன்.

என் வீட்டிலும் இதே கதைதான். என் மனைவி எங்கள் மகனுக்குப் பத்து வயது வரை சோறு தீத்தினாள். தொலைக்காட்சிக்கு முன்னால் அவன் வாயைத் திறந்துகொண்டு இருப்பான். அவள் கவளம் கவளமாக வைப்பாள். அவன் இன்று பொறியியலாளன். அவனிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தால் அவனுக்கும் ஒன்பது பூச்சியம்தான். நம் பெண்கள் பிள்ளைக்குத் தீத்துவது பிள்ளைக்கு இயலாமல் அல்ல என்று இந்தப் பெண்மணிக்கு யார் சொல்வது? நாளைக்கு ஆரணியின் நெற்றியில் ஒரு பெயரை ஒட்டிவிடுவார்களே என்று பயந்தேன்.

பத்தாவது கேள்விக்கு முன் என் வாய் திறந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்ல விரும்புகிறார் என்றேன். எங்கள் வீடுகளில் பத்து வயது வரையும் தீத்துவது வழக்கம், அது அன்பு, என் வீட்டிலும் அப்படித்தான் என்று சொன்னேன். வசந்திக்கும் அதைச் சுருக்கமாகத் தமிழில் சொன்னேன். அவர் ‘ஓம், எல்லா வீட்டிலயும் தானே’ என்றார்.

உளவியலாளர் பேனையை வைத்துவிட்டு யோசித்தார். பிறகு வகுப்பிலிருந்து ஆரணியைக் கூப்பிட்டு, வெளியே போகிற மாதிரி உடுத்திக்கொண்டு வரச் சொன்னார். அது மாசி மாதம். அந்தப் பிள்ளை எங்கள் மூவருக்கும் முன்னால் நிலத்தில் இருந்துகொண்டு பனிக் காற்சட்டையை இழுத்துப் போட்டாள். சப்பாத்துக்குள் காலை நுழைத்துப் பட்டியை இறுக்கினாள். ஜக்கெட்டைப் பூட்டி, கழுத்துத்துணியைச் சுற்றி, கடைசியாகக் கையுறை. எல்லாம் ஒழுங்கு பிசகாமல். பாடசாலையில் இடைவேளைக்கு இடைவேளை செய்கிற வேலைதானே. வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். “இவள் எப்ப பழகினவள்?” என்றார் என்னிடம். நான் அதையும் மொழிபெயர்த்தேன். உளவியலாளர் சிரித்துக்கொண்டே வட்டங்களை வெட்டிவிட்டு வேறு வட்டங்கள் போட்டார்.

அன்றைக்கு மெட்ரோவில் திரும்பி வரும்போது ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டவன் போல இருந்தேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மூன்று கிழமை கழித்து, பிள்ளைக்கு இனி என்ன செய்வது என்று முடிவெடுக்கும் திட்டக் கூட்டம். பிரெஞ்சில் அதற்கு நீண்ட பெயர். நம் பெற்றோர் ‘பிளான்’ என்று முடித்துவிடுவார்கள். அதிபர், ஆசிரியை, உளவியலாளர், தாய், நான். உளவியலாளர் நல்ல செய்தி என்றுதான் தொடங்கினார். ஆரணி தன் காரியங்களைத் தானே பார்க்கிறாள், மொத்தத்தில் அவளுடைய நிலை வழமையான எல்லைக்குள் வருகிறது. ஆகவே சிறு வகுப்பு அவளுக்குரியதல்ல. இதே வகுப்பில் இருப்பாள். வாசிப்பு ஆசிரியைக்கான பட்டியலில் அவள் பெயர் இருக்கும்.

நான் இதை ‘நான்’ என்று உளவியலாளராக நின்று தமிழில் சொன்னேன். சொல்லிக்கொண்டு போகும்போதே வசந்தியின் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. கையெழுத்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

வெளியே படிக்கட்டடியில் எனக்காகக் காத்து நின்றார். விதிப்படி நான் நிற்கக் கூடாது. நின்றேன்.

“அண்ணை, உங்களை ஆர் கேட்டது?” என்றார். சத்தம் போடவில்லை. “என்ர பிள்ளைக்கு நான் தீத்திறன் எண்டு நான் சொன்னனான். அதோட விட்டிருக்கலாமே.”

பிள்ளைக்கு மந்த புத்தி என்று எழுதிவிடுவார்கள் என்று பயந்துதான் சொன்னேன் என்றேன்.

“எழுதினா எழுதட்டுமே. மொக்கு எண்டு எழுதட்டும். எனக்கு அவள் வாசிக்க வேணும், அண்ணை. வேற ஒண்டும் வேண்டாம்.”

பிள்ளையை அவமானத்திலிருந்து காப்பாற்றினேன் என்று நினைத்திருந்தேன். அவமானத்தை ஏற்றுக்கொண்டாவது உதவி கிடைக்கட்டும் என்று தாய் நிற்கிறார். நான் சொன்னது உண்மை. அந்த உண்மையால் கெட்டுப்போனது ஆரணியின் இடம்.

அடுத்த நாள் நானாகவே மதாம் ஜிசேலிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், குறைந்தது பச்சைப் பேனையை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. நான் சொன்னது உண்மையா என்று கேட்டார். உண்மை என்றேன். கேட்டார்களா என்றார். இல்லை என்றேன். சந்தேகம் இருந்தால், அந்த வழக்கத்தைப் பற்றித் தாயிடமே கேளுங்கள் என்று உளவியலாளரிடம் சொல்லியிருக்கலாம், அதற்கு இடமுண்டு என்றார்.

“நீங்கள் தாயிடம் கேட்க விடவில்லை, நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். உங்கள் மனைவி உங்கள் மகனுக்கு ஊட்டியது இந்தக் கோப்பில் இல்லை.”

அப்படியானால் நான் பேசாமல் இருந்திருக்க வேண்டுமா, ஒன்பது பூச்சியத்தோடு பிள்ளையைத் தவறாக எழுத விட்டிருக்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தெரியவில்லை என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எனக்கு அது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒரு வருடம் போனது. ஆரணிக்கு ஒன்பது வயது, இன்னும் வாசிக்கவில்லை. வாசிப்பு ஆசிரியையின் பட்டியல் அசையவில்லை. திரும்பவும் மதிப்பீடு என்று அழைப்பு வந்தது. அதே மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும் என்று தாய் பெயர் சொல்லிக் கேட்டிருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைக் கண்ணில் காட்டக் கூடாது என்றல்லவா அவர் சொல்லியிருக்க வேண்டும்?

பத்து நிமிடம் முன்னதாகப் போய், விதிப்படி நடைகூடத்தின் மறுகோடியில் நின்றேன். ஆரணி அங்கிருந்த நீள வாங்கில் இருந்துகொண்டு பனிச் சப்பாத்தைக் கழற்றி, சோடியாகச் சுவரோரம் வைத்து, பையிலிருந்து வகுப்புச் சப்பாத்தை எடுத்து நாடாவைத் தானே கட்டினாள். இரட்டை முடிச்சு. வசந்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

உளவியலாளர் இப்போது வேறு ஆள், இளைஞர். பழையவர் நீண்ட விடுப்பில். பிள்ளையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதிரைகளை முக்கோணமாகப் போட்டோம். கேள்விகள் அதேதான். பிள்ளை தானே சாப்பிடுவாளா?

“இல்லை,” என்றார் வசந்தி. “நான்தான் தீத்திறனான்.”

நான்தான் ஊட்டுகிறேன் என்று பிரெஞ்சில் சொன்னேன். அது உண்மையாகவும் இருக்கலாம். குளிப்பது, தலை, எல்லாம் நான்தான், நான்தான் என்று என் வாயாலேயே சொல்லிக்கொண்டு போனேன். சப்பாத்துக்கு வந்தது. தானே போடுவாளா?

வசந்தி உளவியலாளரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“இல்லை. நான்தான் கட்டிவிடுறனான்.”

நான்தான் கட்டிவிடுகிறேன் என்றேன். இருபது வருடத்தில் எத்தனையோ ஆயிரம் முறை அந்த ‘நான்’ என் வாயில் வந்து போயிருக்கிறது. அன்றைக்குத்தான் அது என்னுடையதாக இருந்தது.

இளைஞர் கோப்பைப் புரட்டினார். போன வருடம் பிள்ளை தானே உடுத்திக் காட்டியதாகக் குறிப்பு இருக்கிறதே என்றார். அப்ப செய்தவள், இப்ப விட்டிட்டாள், ஒன்றும் செய்யிறாள் இல்லை என்றார் வசந்தி. அதையும் சொன்னேன். அவர் இன்னொரு வரியைத் தேடி எடுத்தார். மொழிபெயர்ப்பாளர் ஒரு வழக்கத்தைப் பற்றி விளக்கியதாகவும் இருக்கிறது, அது நீங்களா? ஆம் என்றேன். இன்றைக்கும் ஏதும் சொல்ல வேண்டியிருக்கிறதா என்று என்னிடம் நேராகக் கேட்டார்.

போன தடவை யாரும் கேட்காமல் சொன்னேன். இந்தத் தடவை கேட்கிறார்கள். நான் இரட்டை முடிச்சைப் பார்த்தவன்.

“மொழிபெயர்ப்பாளரிடம் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை,” என்றேன்.

முடிந்ததும் இளைஞர் மரியாதையாக எங்களை நடைகூடம் வரை கொண்டுவந்து விட்டார். ஆரணி வாங்கில் இருந்தாள். வசந்தி அவள் முன்னால் முழங்காலில் இருந்து, வகுப்புச் சப்பாத்தின் நாடாவை அவிழ்த்து, பனிச் சப்பாத்தை எடுத்தார். ஆரணி முதலில் காலை இழுத்துக்கொண்டாள். தாய் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். பிள்ளை காலை நீட்டினாள். பட்டி இறுகும் வரை அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விதிப்படி தனியே வெளியே போய்விட்டேன்.

ஆரணிக்கு அந்தச் சிறு வகுப்பு கிடைத்தது. அதுவரைதான் எனக்குத் தெரியும். அறிக்கையில் ‘மதிப்பீட்டுக் கூட்டம், ஒன்றேகால் மணித்தியாலம்’ என்று மட்டும் எழுதினேன். மதாம் ஜிசேலுக்குத் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த வருடம் அவர் ஓய்வுபெற்றபோது சொல்லிவிடலாம் என்று போனேன்; வாழ்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

போன புரட்டாதியில் ஜான்-டலோன் சந்தையில் மிளகாய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். “அண்ணை” என்று ஒரு குரல். வசந்தி. நரை விழுந்திருந்தது. பக்கத்தில் அவரைவிட உயரமாக ஒரு பிள்ளை. பதினேழு வயது என்றார். “வாசிக்கிறாள், அண்ணை. புத்தகம் புத்தகமா வாசிக்கிறாள்,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். இரண்டு வருடத்தில் வாசிக்கத் தொடங்கினாளாம். ஆனால் சாதாரண வகுப்புக்கு மாற இன்னும் நாலு வருடம் எடுத்ததாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ வருடமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன்.

வசந்தி தக்காளி பார்க்க அடுத்த கடைக்குப் போனார். ஆரணி போகவில்லை. என்னோடு பிரெஞ்சில் கதைத்தாள். நான் என் பழக்கத்தில் அதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

“எனக்குச் சப்பாத்துப் போடத் தெரியும் என்று உங்களுக்கு அன்றைக்குத் தெரியும், இல்லையா?”

தெரியும் என்றேன்.

அந்த வகுப்பு நல்ல வகுப்புத்தான், ஆசிரியை நல்லவர் என்றாள். ஆனால் அங்கே போன நாளிலிருந்து ஒன்றும் தெரியாதவளாகத்தான் இருக்க வேண்டும், தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாராம். வாசிக்கத் தொடங்கியதைக்கூட ஒரு வருடம் ஒளித்து வைத்திருந்தாளாம். பிறகு தனக்கே எது நடிப்பு, எது உண்மை என்று தெரியாமல் போய்விட்டதாம். அதைக் கோபமில்லாமல் சொன்னாள். வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல இருந்தது.

“அந்த உளவியலாளர் உங்களிடம் கேட்டது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. ஏன் சொல்லவில்லை?”

சொல்லியிருந்தால் நீ இன்றைக்கு வாசித்திருப்பாயா என்று கேட்டிருக்கலாம். முதல் முறை சொன்னதற்கு உன் அம்மா என்னைப் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டது உனக்குத் தெரியுமா என்றும் கேட்டிருக்கலாம். குனிந்து மிளகாயைப் பொறுக்கினேன். வசந்தி தக்காளிப் பையோடு வந்துவிட்டார். ஆரணி அதை வாங்கித் தன் தோளில் கொழுவிக்கொண்டு, “வாறம், அங்கிள்” என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனாள்.

இன்று காலை படிவத்தைக் கஜனிக்குத் திருப்பி அனுப்பினேன். நாலாவது கேள்வியின் தமிழ் சரி என்று எழுதினேன். பிறகு, பெற்றோர் திரையைத் தொடுகிற நேரத்தில் பக்கத்தில் யாராவது ஒருவர் இருப்பது நல்லது என்று ஒரு வரி சேர்த்தேன். இருந்து என்ன செய்ய வேண்டும் என்று உடனே திருப்பிக் கேட்டிருக்கிறாள்.